சாயங்காலம் திரும்பியாக வேண்டும்

டிசம்பர் 2, செவ்வாய்

மழை விடவில்லை. மூலக்குளம் ரோடெல்லாம் தண்ணீர். இன்று ஆஸ்பத்திரி இல்லாத நாள். இவர் கூடத்தில் அந்தமான் வரைபடத்தை விரித்துப் போட்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடுகிறார்.

"போர்ட் பிளேர்தான் நமக்கு டிப்போ, கலா. காலையில வண்டி எடுக்குறோம், சாயங்காலம் டிப்போவுல உட்டுடுறோம்."

இத்தனை வருடம் விழுப்புரம் பஸ் ஓட்டிய புத்தி. திங்கள், புதன், வெள்ளி இவருக்கு டயாலிசிஸ். அந்தமானில் எங்களுக்கு அது கிடைப்பது போர்ட் பிளேரில்தான். எந்தத் தீவுக்குப் போனாலும் பகலோடு பகலாகத் திரும்பியாக வேண்டும். பிப்ரவரி ஒன்று, ஞாயிறு, நீல் தீவு. செவ்வாய், போர்ட் பிளேர் பக்கத்திலேயே சிடியா டாப்பு கடற்கரை. விமான டிக்கெட்டும் போட்டாயிற்று.

கடலைத் தாண்டி ஒரு இடம் கூட்டிப்போறேன் என்று கல்யாணமான புதிதில் சொன்னவர். இப்போதுதான் ஞாபகம் வந்ததா? என் கிட்னி பொருந்தாது என்று சொன்ன பிறகா?

டிசம்பர் 5, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்தவர்தான். வரைபடத்தைக் கேட்கவே இல்லை.

டிசம்பர் 11, வியாழன்

போர்ட் பிளேரில் டூர் ஏற்பாடு செய்யும் விமல்ராஜ் போன் செய்தான். கடலூர்ப் பிள்ளை. "திங்க, புதன் ரெண்டு நாளும் டயாலிசிஸுக்கு இடம் சொல்லி வெச்சிட்டேன்க்கா. மதியம் ரெண்டு மணிக்கு."

இவர் உடனே ஆரம்பித்துவிட்டார்.

"மதியம்தானே? அப்ப ஞாயித்துக்கெழம நீல்லயே நைட் ஹால்ட் போட்டுடலாம். காலை கப்பல்ல வந்தா சரியா இருக்கும்."

"கப்பல் வரலன்னா?"

"ஏன் வராது?"

"உங்க பஸ்ஸு எத்தினி தடவ கண்டமங்கலத்துல நின்னுருக்கு?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே ஒரு ராத்திரி தூங்க வேண்டுமாம், எங்கேயும் திரும்ப வேண்டும் என்ற நினைப்பில்லாமல். அது ஒன்றும் பெரிய ஆசையில்லை. ஆனாலும் என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

டிசம்பர் 20, சனி

ஒத்திகை பார்க்கலாமே என்று சுண்ணாம்பாற்றுக்குக் கூட்டிப்போனேன். படகில் நன்றாகத்தான் இருந்தார். இறங்கி மணலில் கொஞ்சம் நடந்ததுமே மூச்சு வாங்கியது. "வெயிலு" என்றார். வெயிலே இல்லை.

தண்ணீர் கேட்டார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்ன அளவு எப்போதோ முடிந்துவிட்டது. வாயை நனைத்துத் துப்பச் சொன்னேன். பக்கத்தில் ஒரு குடும்பம் பாட்டில் பாட்டிலாகக் குடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

அடுத்த படகிலேயே திரும்பிவிட்டோம். சுண்ணாம்பாறே இப்படி என்றால் அந்தமான் எங்கே?

ஜனவரி 6, செவ்வாய்

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இதயம் ரொம்பவும் பலவீனமாகிவிட்டதாம். அந்தமான் போவதைச் சொன்னேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன். "ஆசைப்பட்டா கூட்டிப்போயிட்டு வாங்கம்மா" என்றார். போன வருஷம் ஒரு துண்டு மாம்பழத்துக்கே அப்படித் திட்டியவர்.

"போவலாம்னுட்டாரு" என்று இவரிடம் வந்து சொன்னேன். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ஜனவரி 15, பொங்கல்

இரண்டு வாய்ப் பொங்கல் சாப்பிட்டார். மறுபடி அதே பேச்சு.

"ஒரே ஒரு ராத்திரி, கலா."

"முடியாதுன்னா முடியாது. திரும்பி வரணும் நீங்க."

திரும்பி வரணும், திரும்பி வரணும் — எனக்கு வேற வார்த்தையே தெரியலியே. வேற என்னதான் சொல்றது நானு?

ஜனவரி 19, திங்கள்

டயாலிசிஸைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஐசியூ. வெளியே பெஞ்சில் இருக்கிறேன்.

ஜனவரி 28, புதன்

விடிவதற்குள் எழுந்து இட்லிப் பானையை அடுப்பில் வைத்துவிட்டேன். புதன்கிழமை அல்லவா, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டுமே. வெந்து இறக்கிய பிறகுதான், யாரைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்று உறைத்தது. இட்லி அப்படியே இருக்கிறது.

மாலை போட்ட படத்துக்கு முன்னால் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். போன். விமல்ராஜ். இங்கே நடந்ததை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் அவன் ஞாபகமே வரவில்லை.

"அக்கா, ஞாயித்துக்கெழம நீல்லேர்ந்து சாயங்காலக் கப்பல் கெடையாதாம். மறுநாள் காலையிலதான். ஒரு ராத்திரி அங்க தங்குறாப்ல ஆயிடும். சாரைக் கேட்டு சொல்றீங்களா?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"கேக்க வேணாம் தம்பி. தங்கிக்கிறோம்" என்றேன்.

நாளைக்குக் கூப்பிட்டு அவனிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும்.