குசினிக் கூரையின் ஈரம்

பெப்ரவரி 13, வெள்ளி

காலையில் எழுந்ததும் தேநீருக்குத் தண்ணீர்கூட வைக்காமல், கதிரையில் ஏறிப் புதுக் குசினியின் சீலிங் பலகையைத் தடவிப் பார்த்தேன். இன்றும் ஈரம். பொங்கலுக்குப் பிறகு தர்மபுரத்தில் ஒரு துளி மழை இல்லை.

கூரையைப் போட்டவர் என் கணவருடைய தம்பி சுதன். தட்டையான மரக்கூரை. மேலே தகரம், கீழே பலகை, நடுவில் வெக்கையைத் தடுக்கும் பஞ்சு. பஞ்சுக்கும் தகரத்துக்கும் இடையில் காற்று ஓட வேண்டும், இல்லாவிட்டால் சமையல் ஆவி இரவில் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி மரத்தை உக்க வைக்கும் என்று அவரேதான் அப்போது எனக்கு விளக்கினார்.

பின்னேரம் சுதன் வந்தபோது கேட்டேன். "காத்துப் போற வழி திறந்துதானே கிடக்கு?"

"ஓம் மச்சாள், எல்லாம் விட்டிருக்கிறன். நீங்கள் பிட்டு அவிக்கிறதைக் கொஞ்சம் குறையுங்கோ."

இவர் சிரித்தார். சுதன் மேலே நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

பால் காய்ச்சிய குடிபூரலுக்கு முதல்நாள் வரை கூரை ஓரத்தில் இடைவெளி தெரிந்தது. விடிந்து பார்த்தால் அங்கே வர்ணம் பூசிய பலகை. வருகிற சனம் அரைகுறை வேலை என்று சொல்லும் என்று அடித்திருப்பாரோ? பஞ்சையும் தகரம்வரை அடைத்துவிட்டாரோ? இவரிடம் சொன்னால், "தம்பியைச் சந்தேகப்படுறீரோ?" என்பார். சந்தேகம்தான். மரம் உக்கினால் தம்பியின் தலையில் விழாது. அடுப்படியில் நிற்கும் என் தலையில்தான் விழும்.

நாளை இவர் வயலுக்குப் போனதும் அந்தப் பலகையை நானே கழற்றப்போகிறேன். ஆணி பிடுங்கும் சுத்தியலை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.