சுவருக்குள் இருந்த கை

அன்பு மகள் ஒனோரினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. முழங்கால் வலி ஒன்றைத் தவிர எனக்கு இங்கே குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் புவெனஸ் ஐரெஸில் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தேவமாதாவை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டதா?

நம் வீடு இப்போது இல்லை, மகளே. பேராலயத்தை அந்தக் காலத்தில் இருந்தபடியே சீர்செய்கிறார்களாம், அதற்காக அதன் சுவரோடு ஒட்டியிருந்த பதினொரு வீடுகளையும் ஈஸ்டர் கழிந்ததும் இடித்துவிட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எனக்கு ஓர் அறை கிடைத்தது, பெண்களின் துணித் தொப்பிகளுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடும் வேலை அங்கேயும் நடக்கிறது. ரொட்டிக்கடை மெலானி வீடு போன துக்கத்தில் இன்னும் யாரோடும் பேசுவதில்லை. நான் அழவில்லை. ஆனால் நம் படுக்கையறைக்குப் பின்சுவராக இருந்த பேராலயச் சுவரின் காரையை உடைத்தபோது பார்க்கப் போனேன், போகாமல் இருந்திருக்கலாம். உள்ளே மாடங்களில் ஆறு புனிதர்கள் வரிசையாக நின்றார்கள். ஐந்து பேர் முழுசாக இருந்தார்கள். நம் துணி அலமாரிக்குப் பின்னால் நின்றவருக்கு மட்டும் வலக்கை இல்லை.

அந்த அலமாரி வந்த நாளில் உனக்கு ஏழு வயது. காரை உதிர்ந்த பொந்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "அம்மா, சுவத்துக்குள்ள ஒருத்தர் நிக்கிறாரு, கையில வந்து..." என்று ஆரம்பித்தாய். பொந்திலிருந்து ஏதோ துருத்திக்கொண்டு அலமாரி சுவரோடு ஒட்டவில்லையே என்ற எரிச்சலில் நான் உன்னை அறைந்தேன். பிறகு துருத்தியதை இஸ்திரிப் பெட்டியாலேயே தட்டி உடைத்து, சில்லுகளைக் குப்பையோடு ஆற்றில் கொட்டிப் பொந்தைப் பூசிவிட்டேன். அது என்னவென்று குனிந்துகூடப் பார்க்கவில்லை.

புதுக் கை செதுக்க வந்த சிற்பி ப்ரோஸ்பர் என்பவர், சாது மனிதர். "எந்தப் பாவி ஒடைச்சானோ, ஒரு துண்டுகூட இல்ல. கையில இருந்தத வச்சுத்தான் இவரு யாருன்னே சொல்ல முடியும்" என்று கூடியிருந்தவர்களிடம் புலம்பினார். நானும் கூட்டத்தோடு சேர்ந்து "ஐயோ பாவம்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்று வாரம் சொல்லாமலே தள்ளிப்போட்டேன். கடைசியில் போய், "நான்தாங்க ஒடைச்சேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னை உட்காரவைத்து, "என்ன வச்சிருந்தாரு, அதமட்டும் சொல்லுங்கம்மா" என்றார். "எம் மவ பாத்தா. நாந்தான் அவளப் பேச விடல" என்றேன். உனக்கு எழுதிப் பதில் வர ஐந்து மாதமாவது ஆகும், வேலையை முடிக்க அவருக்கு மிச்சமிருந்ததோ பத்தே நாள். ஒரு புத்தகத்தைச் செதுக்கி வைத்துவிட்டார். அழகான கைதான். பூசைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு புனிதர் பெயரைச் சொல்லிக் கும்பிட்டுப் போகிறார்கள். என்னால் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிள்ளைகள் ஏதாவது சொல்ல வந்தால் கையிலிருக்கிற வேலையைக் கீழே வை, ஒனோரின். ஆண்டவர் உங்கள் எல்லோரையும் காப்பாற்றி ஆசீர்வதிக்கட்டும். பதில் எழுதும்போது மறக்காமல் ஒன்று எழுது. அந்தக் கல்லை இனி மாற்ற முடியாது, ஆனாலும் நான் கேட்கிறேன், அன்றைக்கு நீ என்ன பார்த்தாய்? நினைவில்லை என்றால் அதை எழுது. அறைந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது என்றால், அதையும் மறைக்காமல் எழுது.

உன் அம்மா,
பெரீன்