மூன்று பூட்டுப் பெட்டி

வியாழன், ஆடி மாதம்.

பாதியில் நின்ற சாக்கடை வேலையைப் பார்க்க, அதற்குக் கடன் கொடுக்கும் வெளிநாட்டு வங்கியின் அதிகாரி இன்று எங்கள் அல்சூர் தெருவுக்கு வந்தார்.

“எங்க வங்கியில பங்கு போட்ட நாடுங்களுக்குள்ள சண்டைம்மா. ஒண்ணு கையெழுத்துப் போட மாட்டேங்குது. மத்தவங்க போட்டா போதும்னு விதியை மாத்திட்டோம். கடனும் டாலர்ல இல்ல, ரூபாயில. அடுத்த மாசம் வேலை ஆரம்பிச்சுடும்.”

“பெரிய நாடுங்களே சின்னப் பிள்ளைங்களாட்டம் முறைச்சுக்குதா சார்?” என்று சிரித்தேன்.

“வீட்டு இணைப்புக்கு உங்க மகளிர் குழு பங்கு ரெடியா?” என்றார்.

என் சிரிப்பு நின்றது. பணம் குழுவின் பெட்டியில் இருக்கிறது. பெட்டிக்கு மூன்று பூட்டு. ஒரு சாவி என்னிடம். மற்றவை கமலாவிடமும் சுகுணாவிடமும். அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது.

நாளை ஆடி வெள்ளி. இருவரையும் தாம்பூலத்துக்கு அழைத்து, சாவியையும் எடுத்து வரச் சொல்லிவிட்டேன். ஒருத்தி வருவது மற்றவளுக்குத் தெரியாது. அம்மன் பார்த்துக்கொள்வாள். நானும் கதவருகிலேயே உட்கார்ந்துகொள்வேன்.