ஒட்னி வீட்டுச் சுவரைச் சுருக்கியது

மார்ச் 3, செவ்வாய்

எழுதி வைக்காமல் எந்த வேலையையும் தொடங்க எனக்குத் தெரியாது. ஆகவே:

1. வந்த படங்களை அப்படியே தனியாகப் பிரதி எடுத்து வைக்க வேண்டும். மூலத்தில் கை வைக்கக் கூடாது.
2. எல்லா வீட்டுப் படமும் ஒரே அகலம், ஆயிரம் புள்ளிகள் (பிக்சல்). யாருக்கும் கூடுதல் இல்லை, குறைவு இல்லை.
3. கை, கால், செருப்பு, வீட்டுச் சாமான் தெரியும் படங்கள் வேண்டாம். சான்று சுத்தமாக இருக்க வேண்டும்.
4. ஒவ்வொரு படத்துக்கும் பெயர்: வீட்டு எண், எந்தச் சுவர், எடுத்த தேதி.
5. யாராவது குறை சொன்னால் பெரும்பாலும் அவர்கள் சொல்வதே சரியாக இருக்கும். மாற்றிவிட வேண்டும்.

நேற்றுத் தெருச் சங்கத்தில் டுக்னாட் வேலைகளை, அதாவது தெருவே கூடிக் கூலியில்லாமல் செய்யும் வேலைகளை, பிரித்தார்கள். டுக்னாட்டில் தன் பங்குக்கு விழுந்ததை இந்தத் தெருவில் யாரும் மறுத்ததில்லை. எனக்கும் அந்தத் துணிச்சல் கிடையாது. வீடுகளின் அடித்தள அறைகளில் உள்ள விரிசல்களின் படங்களை இணையதளத்துக்கு ஏற்றபடி சுருக்கித் தருவது என் பங்கு. "காலமெல்லாம் மருந்துக்கடையில அளந்து குடுத்தவர், இதையும் அளந்துடுவார்" என்றார் தலைவர் டோர்கெய்ர். மருந்து வேறு, படம் வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

குன்றுக்குள் வெடி வைத்துச் சுரங்கப்பாதை தோண்டுகிறவர்கள் அடுத்த மாதம் ஒட்னியின் வீட்டுக்கு நேர் கீழே வந்துவிடுவார்கள். அங்கே வெடி வைக்கும் முன் எங்கள் அடித்தளங்களுக்குத் தோண்டும் நிறுவனம் முட்டுக் கொடுத்தாக வேண்டுமா என்பதை நகராட்சிக் குழு இருபத்தாறாம் தேதி முடிவு செய்யும். வேண்டாம் என்று முடிவானால் ஒட்னியின் சுவர் தாங்காது. இது அவரே சொன்னது. ஒட்னி பக்கத்து வீட்டுப் பெண்மணி, பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் கூட்டிச் சொல்கிற பழக்கம் இல்லாதவர் — என்னைக் கிண்டல் செய்வதைத் தவிர.

மார்ச் 7, சனி

எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து ஒரே சொடுக்கு. காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பக்கம் சட்டென்று திறக்கிறது என்று டோர்கெய்ர் பாராட்டினார். எனக்கே கொஞ்சம் பெருமை.

மார்ச் 12, வியாழன்

தபால் பெட்டிகளின் அருகே ஒட்னி பிடித்துக்கொண்டார். "மருந்துக்காரரே, ஒரே சொடுக்குல தெரு பூராவும் விரிசலைப் பூசிட்டீங்களே. கொத்தனார் வந்திருந்தா வெயில் காலம் முச்சூடும் ஆகியிருக்கும்."

சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து அவர் சுவரின் படத்தைத் திறந்தேன். அடித்தள அறையின் கூரையிலிருந்து தரைவரை இறங்கும் விரிசலைக் காணோம். சாம்பல் நிறத்தில் நல்ல சுவர் ஒன்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் நல்ல சுவர்தான்.

மூலப் படத்தில் விரிசல் இருக்கிறது. சுவர் முழுவதையும் ஆயிரம் புள்ளிக்குள் அடைத்தபோது விரிசலின் பங்குக்கு ஒரு புள்ளிகூடத் தேறவில்லை. எல்லோருக்கும் சமம் என்று நினைத்தேன். தடித்த விரிசல்காரருக்கும் ஒன்றுமில்லாதவருக்கும் ஒரே அளவு கொடுத்திருக்கிறேன். மருந்துக்கடையில் இப்படிச் செய்திருந்தால் —

யாரிடம் சொல்வது? நாளை பார்க்கலாம்.

மார்ச் 16, திங்கள்

நாளை நாளை என்று தள்ளினேன். இன்று நிறுவனத்தின் கடிதம் நகராட்சிக்குப் போய்விட்டது, நகல் எங்களுக்கு. எழுதியவர் ஹல்வார்ட், நிறுவனத்தின் சார்பில் தெருவோடு பேச வருகிறவர், மிகவும் பணிவான மனிதர். 'குடியிருப்போர் தாமே வெளியிட்ட படங்களில் குறிப்பிடத்தக்க சேதம் எதுவும் தென்படவில்லை.'

தாமே வெளியிட்ட. அது நான்தான். நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடுச்சே. ஒட்னி முகத்துல எப்படி முழிப்பேன்?

மார்ச் 17, செவ்வாய்

டோர்கெய்ர் வந்தார். கூட்டம் முடியும்வரை இணையதளத்தையே எடுத்துவிடலாம் என்றார். இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல் என்பது அவர் கணக்கு. தலைவர், என்னைவிட விவரம் தெரிந்தவர். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"முடியாது" என்று வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். நானும் யார் சொன்னது என்பதுபோல் பார்த்தேன். "எடுத்தா, ஒளிச்சுட்டாங்கன்னு எழுதுவாங்க. அந்தச் சுவர் எப்படி இருக்கோ அப்படியே போடப்போறேன்." பெரிய படங்களைத் தளம் ஏற்காதே என்றார். அது என் பாடு என்றேன். அவர் போனதும் மூலப் படங்களைத் திறந்தேன்.

மார்ச் 19, வியாழன்

படத்தைச் சுருக்காமல் துண்டு போடுகிறேன். துண்டு சிறியதாக இருந்தால் தளம் ஏற்றுக்கொள்கிறது. ஒட்னியின் விரிசலை மேலிருந்து கீழே துண்டு துண்டாக வெட்டி, ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினேன். ஹல்வார்ட் அதைப் பார்க்க வேண்டுமென்றால் விரலால் தள்ளித் தள்ளித் தரைவரை இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கட்டும்.

வேலையின் நடுவே கைபேசியில் எச்சரிக்கை வந்தது, பிறகு குன்றுக்குள் வெடி. அலமாரியில் தட்டுகள் கிலுகிலுத்தன. நான் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 21, சனி

பக்கம் திறக்க நேரமாகிறது என்று புகார்கள். ஆகட்டும்.

மார்ச் 26, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நகராட்சி மண்டபம் நிறைந்திருந்தது. வழக்கம்போல் பாதிப் பெண்கள் மடியில் கம்பளிப் பின்னலோடு. குழுத் தலைவியும் ஒரு ஸ்வெட்டர் கையைப் பின்னிக்கொண்டேதான் கேட்டார். டோர்கெய்ர் என் துண்டுப் படங்களைத் திரையில் இறக்கிக்கொண்டே போனார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ஹல்வார்ட் எழுந்தார். படங்களுக்கு நன்றி சொன்னார். பிறகு, "இவ்வளவு பெருக்கிக் காட்டினா தலைமுடிகூட வாய்க்கால் மாதிரிதாங்க தெரியும். அகலம் எவ்வளவுன்னு இதுல எங்க இருக்கு?" என்றார்.

எங்கேயும் இல்லை.

பின்வரிசையிலிருந்து ஒட்னியின் குரல்: "என் ஊசி இருக்கிற படம் எங்கய்யா?"

அப்போதுதான் நினைவு வந்தது. ஒட்னி ஒவ்வோர் இடத்தையும் இரண்டு முறை படமெடுத்திருந்தார். ஒன்று வெறும் சுவர், இன்னொன்றில் விரிசலுக்குள் பின்னல் ஊசி செருகியிருக்கும். வீட்டுச் சாமான் என்று அவற்றை நான்தான் ஒதுக்கினேன். மூலங்கள் என் சட்டைப்பையில் பென் டிரைவில் இருந்தன. சும்மா உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

எழுந்தேன்.

"அந்தப் படத்த நான்தான் ஒதுக்கி வெச்சேன். பார்க்க சுத்தமா இல்லன்னு. அது என் தப்பு, சுவரோட தப்பு இல்ல. இப்ப போடுங்க."

திரையில் ஊசி வந்தது. கைப்பிடி நீளம் வெளியே, மீதி சுவருக்குள். தலைவி பின்னுவதை நிறுத்தித் தன் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். "என்ன நம்பர்?"

"நாலு" என்றார் ஒட்னி. "அஞ்சும் போகும். அது ஸ்வெட்டர்ல மாட்டியிருக்கு, இல்லன்னா அதையும் செருகியிருப்பேன்."

ஊசியின் எண்தான் மில்லிமீட்டரில் அதன் தடிமன். அந்த மண்டபத்தில் அது தெரியாதவர் ஹல்வார்ட் ஒருவர்தான் என்று தோன்றியது. பக்கத்தில் இருந்த பெண்மணி அவருக்கு மெதுவாக விளக்கிக்கொண்டிருந்தார்.

மார்ச் 27, வெள்ளி

உடம்பெல்லாம் வலி. ஒட்னி வாஃபிளும் பழுப்புச் சீஸும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். கிண்டல்கூட இல்லை. அதுதான் கவலையாக இருக்கிறது.

ஏப்ரல் 14, செவ்வாய்

ஒட்னியின் அடித்தளத்தில் இரும்பு முட்டுகள் நிற்கின்றன. உருளைக்கிழங்கு எடுக்கக் குனிந்து போக வேண்டியிருக்கிறது என்று அதற்கும் என்னைத்தான் திட்டுகிறார். தெரு முழுவதும் முட்டுக் கொடுத்து முடியும்வரை வெடி இல்லை என்பது குழுவின் முடிவு.

மதியம் ஹல்வார்ட் அழைத்தார். மரியாதையாகவே பேசினார். ஊசிப் படம் தளத்தின் முகப்பில் பெரிதாக இருப்பதால் மற்றத் தெருக்காரர்களும் ஊசியோடு அடித்தளத்துக்கு இறங்குகிறார்களாம். கொஞ்சம் சின்னதாக்கி உள்ளே தள்ளி வைக்கலாமே என்றார். முழுவதும் கேட்டேன். "இல்லைங்க, அது அந்த அளவுலயே இருக்கும்" என்றேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றும் கேட்டேன். இல்லை என்றார்.

போனை வைத்துவிட்டு மார்ச் மூன்றாம் தேதி எழுதியதைப் புரட்டினேன். இரண்டையும் மூன்றையும் எப்போதோ அடித்திருக்கிறேன். ஐந்தாவது, குறை சொல்கிறவர்கள் சொல்வதே சரி, மாற்றிவிட வேண்டும் என்பது, அடிபடாமல் அப்படியே இருந்தது.

அது தவறு.