பொன்னாடை போர்த்திய நாள்

ஞாயிறு, இரவு.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளில் வீடு வீடாக ஏறித் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிறேன் என்று இன்று மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முன்வரிசையில் என் மகள்தான் பலமாகக் கைதட்டினாள்.

திரும்பும்போது காரில் சொன்னாள்: "அம்மா, கவினைச் சீனப்பள்ளியில பதிஞ்சிட்டோம்லா. விழா முடியட்டும்னுதான் சொல்லாம இருந்தேன்."

"உன் பிள்ளை, உன் இஷ்டம்," என்றேன். சொன்ன விதம் சரியில்லை.

பொன்னாடை நாற்காலியில் கிடக்கிறது. மடித்து வைக்க மனம் வரவில்லை.

நாளைக் காலை நாலாவது மாடியில் ஒரு தாய் முடிவு சொல்வதாக இருக்கிறாள். தயங்கியவளிடம் போன வாரம் நான்தான் சொன்னேன்: "பயப்படாதம்மா, என் பேரனும் உன் மகன்கூடத்தான் உட்காருவான்."