கப்பல் கிளம்பிய நாளில் துவைத்த சட்டை

2 மார்ச் 1999, செவ்வாய்

அம்மாவின் மணிக்கட்டில் இன்னும் மாவுக்கட்டு. பள்ளிச் சமையலறை வேலை முடிந்ததும் நேராக ஹெசில் ரோட்டில் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்கிறாள். "உருளைக்கிழங்கைச் சீவுறியா, செதுக்குறியா, அவ்ரில்?"

4 மார்ச்

அந்த வீட்டில் இருந்தாலே பழசெல்லாம் வருகிறது. ஒரே கட்டிலில் நானும் அக்காவும் குட்டித் தம்பி டெரெக்கும். போர்வைக்கு மேல் அப்பாவின் கோட்டு. டீசலும் மீனும் கலந்த வாசனை. மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்த அப்பாவுக்கு மூன்று வாரம் கடல், மூன்று நாள் வீடு. அந்த மூன்று நாளும் தெருமுனைக் கடைக்குக்கூட டாக்ஸிதான், மடி நிறைய மிட்டாய்தான். அவர் போனதும் ரொட்டியும் மாட்டுக்கொழுப்பும். ஆனாலும் எவ்வளவு சிரித்தோம்!

5 மார்ச்

மழை. பள்ளியில் இன்று மீன். பாதித் தட்டுகளில் அப்படியே மிச்சம்.

9 மார்ச்

அம்மாவின் படுக்கை விரிப்புகளை வாஷிங் மெஷினில் போடப் போனேன். "தாராளமாப் போடு. இன்னைக்கு யாரும் கடலுக்குப் போகல" என்று சிரித்தாள். என் கை நின்றுவிட்டது.

ஆண்கள் கப்பலேறும் நாளில் எங்கள் தெருவில் யாரும் துணி துவைக்க மாட்டார்கள். துவைத்தால் போனவரை அலை கொண்டுபோகும் என்பார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. மறுநாள் பள்ளியில் போட்டோ. இருந்த ஒரே வெள்ளைச் சட்டையில் ஜாம் கறை. அப்பா விடியற்காலையில் கிளம்பியிருந்தார். சாயங்காலம் அம்மா சித்தி வீட்டுக்குப் போன நேரம் பார்த்துச் சட்டையை அலசிவிட்டேன். பன்னிரண்டாம் நாள் போதகர் வந்து கதவைத் தட்டினார். அப்பாவைக் கப்பல் தளத்திலிருந்து அலை அடித்துக்கொண்டு போய்விட்டதாம்.

போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்தோரு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. என்னால முடியல.

12 மார்ச், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, "கறை போச்சா?" என்றாள்.

"போச்சும்மா."

"அன்னைக்கு டெரெக் படுக்கையை நனைச்சுட்டான். நீங்க பள்ளிக்கூடம் போனதும் நானும் விரிப்பை அலசினேன். வெளிய போட்டா தெருவே பார்க்கும்னு அடுப்பு முன்னாடி காயவச்சேன்."

"ஏம்மா சொல்லல?"

"யார்கிட்ட சொல்ல? நான்தான் அவரைக் கொன்னேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்." நல்ல கையால் என் கன்னத்தைத் தொட்டாள். "ஒன்பது வயசுப் பிள்ளை நீ. அவ்வளவு பெரிய கடல், நம்ம பின்கட்டை எட்டிப் பார்த்துக்கிட்டா இருந்துச்சு, அவ்ரில்?"

இரண்டு பேரும் அழுதோம். அவள் சொன்னதை அவளே நம்புகிறாளா? தெரியவில்லை.

20 மார்ச், சனி

கட்டைப் பிரித்துவிட்டார்கள். மதியம் டெரெக் தொலைபேசியில் கூப்பிட்டான். அப்பா போனபோது அவனுக்கு மூன்று வயது. அவர் முகம்கூட நினைவில்லை. நாங்களும் அவனிடம் அப்பாவைப் பற்றிப் பேசியதில்லை. இன்று அம்மாவாகவே ஆரம்பித்தாள். "உங்க அப்பாவுக்கு ஒவ்வொரு தடவையும் கப்பல்ல முதல் நாள் பூரா வாந்திதான்டா. வெளிய சொன்னா மானம் போகும்னு என்கிட்ட மட்டும் சொல்வார்."

எனக்கே தெரியாது இது.

மறுமுனையில் டெரெக் சிரிப்பது எனக்கும் கேட்டது. "அப்புறம்?" என்றான். அம்மா காலால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.