பஞ்சாலையின் பிள்ளைக்கு மூக்கடைப்பு

9 ஆகஸ்ட் 1943, லாபு, மலாயா

ஒரே லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்து ஒரே மழையில் நனைந்தவர்களில், சளி ஒருவரைப் பிடித்து அடுத்தவரை ஏன் விட்டுவிடுகிறது? மதராஸில் விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். எனக்குத் தெரியவில்லை.

சிரம்பானில் நான் பாடம் நடத்திய பள்ளியை மூடியதும், இந்த ரப்பர்த் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசரான தம்பியிடம் வந்து தங்கினேன். அவனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மருந்தறைச் சாவி இப்போது என்னிடம். அலமாரியில் காலிப் புட்டிகள். சளி என்று வருபவர்களுக்கெல்லாம் வெந்நீரும் ஓய்வும்தான். ஒரு வாரத்தில் தானாகப் போய்விடுகிறது. உள்ளே இருந்து அதைத் துரத்துவது எது?

10 ஆகஸ்ட்

லயத்தில் பஞ்சாலை என்ற பெண்ணுக்குச் சளி. பிள்ளை பிறந்து இருபது நாள். புருஷனும் சயாமில். தொற்றிவிடும், பிள்ளையைத் தள்ளி வை என்றேன். பாலைப் பீய்ச்சிக் கொடுத்தால் பக்கத்து வீட்டு வள்ளிநாயகி சங்கில் புகட்டுவாள்.

"தாயையும் பிள்ளையையும் பிரிக்க ஜப்பான்காரனே ரெண்டு வாட்டி யோசிப்பான்லா, டீச்சரம்மா," என்றாள் வள்ளிநாயகி. ஆனாலும் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

12 ஆகஸ்ட்

வள்ளிநாயகி தும்முகிறாள்.

13 ஆகஸ்ட்

பிள்ளைக்கு மூக்கு அடைத்துவிட்டது. தும்மல் வருவதற்கு முன்பே வள்ளிநாயகியிடம் சளி இருந்திருக்கிறது. காப்பாற்றுவதாக நினைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். என்ன படிப்பு படிச்சேன் நான்!

இந்த வயதில் வாயால் மூச்சு விடத் தெரியாது. பஞ்சாலையிடமே திருப்பிக் கொண்டுவந்து விட்டால், மார்பைக் கவ்வுகிறது, மூச்சு முட்டுகிறது, விட்டுவிட்டு அழுகிறது. சங்கில் கொடுத்தால் புரையேறுகிறது. காலையிலிருந்து பால் இறங்கவில்லை.

14 ஆகஸ்ட்

என் கையிலிருந்த பிள்ளையைப் பஞ்சாலை எடுத்துக்கொண்டாள். "போதும் டீச்சரம்மா. குடுங்க."

அதன் மூக்கில் வாயை வைத்து உறிஞ்சினாள். துப்பினாள். மறுபடியும் உறிஞ்சினாள். என் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டாள்.

"என்னா, உங்க ஆஸ்பத்திரியில இதுக்குப் பம்பு கிம்பு வச்சிருக்கீங்களா?"

இல்லை.

உடனே மார்பில் போட்டாள். குடித்தது! முப்பத்திரண்டு மிடறு எண்ணினேன். அடைத்ததும் மறுபடி உறிஞ்சினாள். அவளுக்கே மூக்கு அடைத்திருந்தது. மூச்சு வாங்கி வாங்கி இதைச் செய்தாள். நான் படித்த எதிலும் இது இல்லை. கொதித்து ஆறிய உப்புநீர் ஒரு சொட்டு விட்டால் சளி இளகும் என்றேன். "சரி, ஒரு சொட்டு விடுங்க," என்றாள். என்னால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

சளி நெஞ்சுக்கு இறங்கிவிட்டால்? நாளை என்ன ஆகும்—

15 ஆகஸ்ட்

காலைப் பெரட்டில் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு முடிந்ததும் பஞ்சாலை வீட்டுக்குப் போனேன். பஞ்சாலை சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தாள். பிள்ளை நிறுத்தாமல் குடித்துக்கொண்டிருந்தது, மூக்கால் மூச்சு விட்டு.

வாசலிலேயே நின்று வெகுநேரம் பார்த்தேன். உள்ளே போகவில்லை. விடிந்ததிலிருந்து எனக்குத் தொண்டை கரகரக்கிறது.